39 ஷில்லிங்கும் 1000 ரூபாய் ஃபைனும்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களை மட்டும் திருத்தியிருக்கிறோம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)



2022 அக்டோபர் மாசக் கடைசி. தமிழ்நாட்டுல புது அபராதத் தொகை அமலுக்கு வந்து சில நாள்தான் ஆகியிருந்தது. ஆபீஸ் போற வழியில ஒரு சிக்னல்ல என்னை ஓரங்கட்டினாங்க. என்கிட்ட ஹெல்மெட் இருந்தது. ஆனா தலையில இல்ல, பெட்ரோல் டேங்க் மேல. "தம்பி, டேங்குக்கு அடிபட்டா மாத்திக்கலாம்"னு ஒரு சிரிப்போட சொல்லிட்டு, சார் மெஷின்ல சீட்டு அடிச்சார். ஆயிரம் ரூபாய். போன்லயே கட்டிட்டேன். மொத்தம் ரெண்டு நிமிஷம். காலை மீட்டிங்குக்குக்கூட லேட் ஆகல.

அதே வாரம் எங்க மாமா, அம்மாவோட தம்பி, மாட்டினார். கோயம்பேட்டுல இருந்து காய்கறி லோடு அடிக்கிற குட்டி யானை ஓட்டுறவர். சீட் பெல்ட் போடல. அவருக்கும் அதே ஆயிரம். ராத்திரி போன் பண்ணார்.

"மாப்ளே, டீசல் போக இன்னைக்குக் கையில நின்னது எழுநூறு. மீதி முந்நூறை யார்கிட்டடா கேப்பேன்?"

தப்பு அவர் மேலதான், அவரும் அதை மறுக்கல. ஆனா ஒரே தொகை எனக்கு ரெண்டு நிமிஷம், அவருக்கு ஒன்றரை நாள். இதுல ஏதோ இடிக்குதேன்னு தோணுச்சு. அப்படித்தான் இந்த எபிசோடுக்குப் படிக்க ஆரம்பிச்சேன். கேள்வி எளிமையானது: அபராதத்தை ஏத்தினா ஜனங்க விதியை மதிப்பாங்களா? இந்தக் கேள்விக்கு வரலாற்றுல ஏற்கெனவே நிறைய தடவை பதில் கிடைச்சிருக்கு. நாமதான் ஒவ்வொரு தடவையும் புதுசா கேக்குறோம்.

நூறு ரூபாய் தூங்கிய கதை

முதல்ல நம்ம ஊர்க் கதை. இந்தியா முழுக்க ஒரே மோட்டார் வாகனச் சட்டம் முதல்ல வந்தது 1914-ல. அதை மாத்தி 1939-ல ஒண்ணு. அதையும் மாத்தி 1988-ல நாடாளுமன்றம் புதுச் சட்டம் போட்டது. 1989 ஜூலை 1 முதல் அது அமலுக்கு வந்தது. அதுல ஹெல்மெட் போடலைன்னா, சீட் பெல்ட் போடலைன்னா, இந்த மாதிரி பொதுவான மீறல்களுக்கு முதல் தடவை நூறு ரூபாய் வரை அபராதம். திரும்ப மாட்டினா முந்நூறு வரை.

1989-ல பெட்ரோல் லிட்டர் பத்து ரூபாய்க்கும் கீழ. அதாவது அந்த நூறு ரூபாய்க்குப் பத்து லிட்டருக்கு மேல பெட்ரோல் வரும். நடுத்தரக் குடும்பத்துக்கு அது வலிக்கிற தொகை. 2019-ல பெட்ரோல் எழுபது ரூபாயைத் தாண்டியாச்சு. அதே நூறு ரூபாய்க்கு ஒன்றரை லிட்டர்கூட வராது. சட்டப் புத்தகத்துல தொகை மாறவே இல்ல. முப்பது வருஷம் அது அப்படியே தூங்கிட்டு இருந்தது.

கோடு எழுதுற யாருக்கும் இந்தத் தப்பு தெரியும். மாறக்கூடிய ஒரு எண்ணை ப்ரோக்ராம் உள்ளேயே ஹார்ட்கோட் பண்ணிட்டாங்க. விலைவாசியோட சேர்ந்து ஏற வழியே வைக்கல. அதனால 2019-ல திருத்தச் சட்டம் வந்தப்போ எல்லாம் ஒரே தாவலா தாவுச்சு. ஹெல்மெட், சீட் பெல்ட்: 100-ல இருந்து 1000. லைசென்ஸ் இல்லாம ஓட்டினா: 500-ல இருந்து 5000. குடிச்சுட்டு ஓட்டினா முதல் தடவைக்கு 2000-ல இருந்து 10,000. ஆம்புலன்ஸுக்கு வழி விடலைன்னா புதுசா 10,000. பதினெட்டு வயசு ஆகாத பையன் வண்டி ஓட்டி மாட்டினா, பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு 25,000 ரூபாயும் மூணு வருஷம் வரை ஜெயிலும்.

பத்து மடங்குன்னு எல்லாரும் கத்தினோம். ஆனா பெட்ரோல் கணக்குல பாத்தா, ஹெல்மெட்டுக்கான ஆயிரம் ரூபாய் 1989-ல இருந்த இடத்துக்கே திரும்பி வந்த மாதிரிதான். இந்தத் தடவை இன்னொரு ஏற்பாடும் பண்ணாங்க. வருஷா வருஷம் ஏப்ரல் 1-ஆம் தேதி பத்து சதவீதம் வரை தொகையை ஏத்த மத்திய அரசுக்கு அந்தச் சட்டத்துலயே அதிகாரம் இருக்கு.

அப்போ இதுல என்ன பிரச்சனை? 2019 செப்டம்பர் 1-ஆம் தேதி சட்டம் அமலுக்கு வந்தது. குருகிராமில் ஒருத்தருக்கு 23,000 ரூபாய் அபராதம் விழுந்த செய்தி நாடு முழுக்கப் பரவுச்சு. "என் ஸ்கூட்டரே பதினஞ்சாயிரம்தான் பெறும்"னார் அவர். பத்தே நாள்ல குஜராத் அரசு பல தொகைகளைக் குறைச்சது. ஹெல்மெட்டுக்கு ஆயிரம் ஐநூறாச்சு. மேற்கு வங்கம் அமல்படுத்தவே மாட்டோம்னு சொன்னது. சட்டப்படி குறைந்தபட்சத் தொகைக்குக் கீழ போகக் கூடாதுன்னு 2020 ஜனவரியில மத்திய அரசு மாநிலங்களுக்கு நினைவூட்ட வேண்டி வந்தது. தமிழ்நாடு சத்தமே இல்லாம மூணு வருஷம் ஓட்டிட்டு, 2022 அக்டோபர்லதான் புதுத் தொகைக்கு வந்தது.

தண்டனையைக் கூட்டினதும், அதைக் கொடுக்க வேண்டியவங்களே பின்வாங்கினாங்க. இது நம்ம ஊருக்கு மட்டும் உரிய கூத்துன்னு நினைச்சேன். இல்ல. இருநூறு வருஷத்துக்கு முன்னாடியே இது லண்டன்ல நடந்திருக்கு.

ஒரு ஷில்லிங்ல தப்பின தலைகள்

இங்கிலாந்துல 1700-கள்ல திருட்டைக் கட்டுப்படுத்த நாடாளுமன்றம் கண்டுபிடிச்ச ஒரே வழி தூக்கு. ஒவ்வொரு புதுக் குற்றத்துக்கும் ஒரு தூக்குச் சட்டம். 1800-களின் தொடக்கத்துல மரண தண்டனைக்குரிய குற்றங்கள் இருநூறுக்கும் மேல இருந்தன. அதுல ஒண்ணு இது: ஒரு வீட்டுக்குள்ள இருந்து நாற்பது ஷில்லிங் அல்லது அதுக்கு மேல மதிப்புள்ள பொருளைத் திருடினா தூக்கு.

இது அபராதம் இல்லையே, தூக்காச்சேன்னு கேப்பீங்க. சரிதான். ஆனா தண்டனையை ஏத்திக்கிட்டே போனா மனுஷங்க என்ன பண்ணுவாங்கன்னு பாக்க இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குக் கிடைக்கல.

கோர்ட்ல ஜூரியா உக்காந்திருந்தவங்க சாதாரண ஆளுங்க. எதிர்ல நிக்கிறது பசியில திருடின ஒரு வேலைக்காரப் பொண்ணு. பொருளோட மதிப்பு நாற்பது ஷில்லிங்குக்கு மேலன்னு எல்லாருக்கும் தெரியும். ஜூரி கூடிப் பேசிட்டு வந்து சொல்லும்: "குற்றவாளிதான். ஆனா பொருளோட மதிப்பு 39 ஷில்லிங்." ஒரு ஷில்லிங் குறைச்சா ஒரு உயிர் தப்பும். இது ஒண்ணு ரெண்டு தடவை இல்ல, வழக்கமாவே ஆயிடுச்சு. சட்ட அறிஞர் பிளாக்ஸ்டோன் இதைப் புண்ணியத்துக்குச் சொல்ற பொய்ச் சத்தியம்ங்கிற அர்த்தத்துல குறிப்பிட்டார். 1827-ல வரம்பை ஐந்து பவுண்டா உயர்த்தினாங்க. ஜூரிகளும் கூடவே உயர்ந்தாங்க. தீர்ப்பு 4 பவுண்டு 19 ஷில்லிங்னு வர ஆரம்பிச்சது.

இதோட உச்சக்கட்டம் 1830. கள்ளக் கையெழுத்து, போலிப் பத்திரம் போட்டா தூக்குன்னு சட்டம் இருந்தது. அந்தச் சட்டம் யாரைக் காப்பாத்த? வங்கிக்காரங்களை. ஆனா அந்த வங்கிக்காரங்களே நாடாளுமன்றத்துக்கு மனு போட்டாங்க, தூக்கை எடுத்துடுங்கன்னு. இரக்கத்தால மட்டும் இல்ல. தண்டனை இவ்வளவு பெருசா இருக்கறதால ஜூரி யாரையும் குற்றவாளின்னு சொல்ல மாட்டேங்குது, போலிப் பத்திரம் போடுறவன் சுதந்திரமா நடந்து போறான், எங்க சொத்துக்குப் பாதுகாப்பு வேணும்னா தண்டனையைக் குறைங்கன்னு கேட்டாங்க.

2019-ல குஜராத் பண்ணதும் இந்த 39 ஷில்லிங் வேலைதான். இதுல ரோட்டோர வடிவம் ஒண்ணும் இருக்கு. அது நம்ம எல்லாருக்கும் தெரியும். "ஆயிரம் எழுதட்டுமா, இல்ல..." அந்த "இல்ல"வுக்கு அப்புறம் வர்ற தொகை. அபராதம் நூறா இருந்தப்போ அந்தப் பேரம் அம்பதுல முடியும். அபராதம் பத்தாயிரம் ஆனா, பேரமும் கூடவே ஏறும். அரசாங்கத்துக்கு வர வேண்டிய பயமும் பணமும் வேற பாக்கெட்டுக்குப் போயிடும்.

இதை எல்லாம் முன்னாடியே யோசிச்ச ஒருத்தர் இருந்தார். இத்தாலியில, மிலான் நகரத்துல. பேர் சேசரே பெக்காரியா. 1764-ல "குற்றங்களும் தண்டனைகளும் பற்றி"ன்னு ஒரு சின்னப் புத்தகம், பயத்துல பேர் போடாமத்தான் வெளியிட்டார். அப்போ அவருக்கு வயசு 26. நம்ம வயசு! அவர் சொன்னதோட சாரம் இதுதான்: தண்டனை எவ்வளவு கொடூரம்ங்கிறது முக்கியம் இல்ல, அது எவ்வளவு நிச்சயம்ங்கிறதுதான் முக்கியம். தப்பிச்சிடலாம்ங்கிற நம்பிக்கை இருந்தா, பெரிய தண்டனைகூட ஒரு வதந்தி மாதிரிதான்.

ஊதச் சொன்ன வருஷம்

இதைச் சோதிச்சுப் பாக்கிற மாதிரி ஒரு சம்பவம் மறுபடி பிரிட்டன்லயே நடந்தது, 1967-ல. போக்குவரத்து அமைச்சர் பார்பரா காசில். அவருக்கு வண்டியே ஓட்டத் தெரியாது, அதைச் சொல்லியே ஆம்பளைங்க கிண்டல் பண்ணாங்க. ஆனா அவர் கொண்டு வந்த சட்டத்துலதான் நூறு மில்லி ரத்தத்துல 80 மில்லிகிராம் ஆல்கஹால்னு ஒரு வரம்பு வந்தது. போலீஸ் ரோட்டுலயே நிறுத்தி ஊதச் சொல்லலாம்னும் வந்தது. அந்த அக்டோபர்ல அமல். (நம்ம சட்டத்துல வரம்பு 30 மில்லிகிராம், இன்னும் கடுமை.)

விளைவு உடனே தெரிஞ்சது. குடிச்சுட்டு ஓட்டுறது அதிகமா இருக்கிற வார இறுதி ராத்திரிகள்ல, உயிரிழப்பும் படுகாயமும் ஆரம்பத்துல ஏறக்குறைய மூணுல ரெண்டு பங்கு குறைஞ்சது. லாரன்ஸ் ராஸ்ங்கிற அமெரிக்க சமூகவியலாளர் இதை விரிவா ஆராய்ஞ்சார். அவர் கண்ட இன்னொரு விஷயம்தான் நமக்கு முக்கியம். சில வருஷத்துல அந்தப் பலன் மெல்ல மெல்லத் தேய்ஞ்சு போச்சு. ஏன்? டிவியிலயும் பேப்பர்லயும் இருந்த பரபரப்பைப் பாத்து, கண்டிப்பா மாட்டுவோம்னு ஜனங்க நினைச்சாங்க. அப்புறம் ரோட்டுல ஊதச் சொல்ற போலீஸை அவ்வளவா பாக்கவே முடியலன்னு புரிஞ்சது. பயம் வடிஞ்சது. இத்தனைக்கும் சட்டத்துல ஒரு வரியும் மாறல.

இதை நான் புத்தகத்துல படிச்சுத் தெரிஞ்சுக்கல. என் கண்ணால பாத்திருக்கேன்.

2015-ல நான் காலேஜ்ல இருந்தேன். சென்னை உயர் நீதிமன்றத்துல நீதிபதி கிருபாகரன் போட்ட உத்தரவுப்படி, ஜூலை 1-ஆம் தேதியில இருந்து தமிழ்நாட்டுல ஹெல்மெட் கட்டாயம். அப்போ அபராதம் அதே பழைய நூறு ரூபாய்தான். ஆனா ஹெல்மெட் இல்லாம மாட்டினா லைசென்ஸ், ஆர்.சி. புக்கைப் பிடுங்கி வெச்சுக்குவாங்க. ஐ.எஸ்.ஐ. ஹெல்மெட் வாங்கி, பில்லோட காட்டினாத்தான் திரும்பக் கிடைக்கும். அந்த ஜூன் கடைசி வாரம் ஹெல்மெட் கடைகள்ல இருந்த கூட்டம் ஞாபகம் இருக்கா? தீபாவளிக்குத் துணி எடுக்கிற மாதிரி. என் ரூம்மேட்டும் நானும் போய் ஆளுக்கு ஒண்ணு வாங்கினோம். அவன் சிவப்பு, நான் கறுப்பு.

ரெண்டு மூணு மாசம் எல்லாரும் போட்டோம். அப்புறம் எங்க காலேஜ் ரோட்டுல செக்கிங் குறைஞ்சது. ஹெல்மெட் தலையில இருந்து கைக்கு வந்தது, கையில இருந்து கண்ணாடிக்கு வந்தது. தூரத்துல காக்கியைப் பாத்தா மட்டும் தலைக்கு ஏறும்.

அடுத்த வருஷம் ஒரு ராத்திரி, பரோட்டா வாங்கப் போனவன் திரும்பி வரல. ரெண்டு கிலோமீட்டர்கூட இருக்காது. ரோட்டோரம் கொட்டி வெச்சிருந்த ஜல்லியில வண்டி சறுக்கியிருக்கு. வண்டியில பெருசா கீறல்கூட இல்ல. அந்தச் சிவப்பு ஹெல்மெட் கண்ணாடியிலேயே தொங்கிட்டு இருந்தது.

அதனால அபராதமே வேண்டாம், அது ஏழைங்க கிட்ட அடிக்கிற கொள்ளைன்னு யாராவது சொன்னா என்னால தலையாட்ட முடியாது. 2022-ல மட்டும் இந்தியச் சாலைகள்ல இறந்தவங்க 1,68,491 பேர். இது மத்திய அரசோட கணக்கு. ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னாடி ஒரு ஹாஸ்டல் ரூம் இருக்கு, ஒரு வீடு இருக்கு. அவ்வளவு நடந்தும் 2022-ல டேங்க் மேல ஹெல்மெட்டை வெச்சு ஓட்டினது யாரு? நான்தான். அது எனக்கே இன்னும் வெட்கமாத்தான் இருக்கு. நினைவுக்கும் ஆயுசு கம்மி, பயத்துக்கும் ஆயுசு கம்மி.

கணக்குப் போட்டுப் பாத்தா

இன்ஜினியர் புத்தி, ஒரு கணக்குப் போட்டேன். வருஷத்துக்கு முந்நூறு நாள் ஹெல்மெட் இல்லாம போறேன், ஒரு தடவை மாட்டுறேன், ஆயிரம் கட்டுறேன்னு வைங்க. ஒரு நாளைக்கு மூணு ரூபாய் சொச்சம். ஒரு டீயோட விலைகூட இல்ல. இதை நாளைக்கு முப்பது ரூபாய் சொச்சமா ஆக்கணும்னா ரெண்டு வழி இருக்கு. அபராதத்தைப் பத்தாயிரம் ஆக்கலாம். இல்ல, தொகையை நூறுக்கே இறக்கிட்டு, மூணு நாளைக்கு ஒரு தடவை கண்டிப்பா மாட்டுற மாதிரி பண்ணலாம். காகிதத்துல ரெண்டும் ஒண்ணு. ஆனா எதுல நீங்க ஹெல்மெட் போடுவீங்க? நான் ரெண்டாவதுலதான் போடுவேன். பத்தாயிரம்னா "நமக்கு நடக்காது"ன்னு மனசு சமாதானம் சொல்லும். நாளன்னைக்கே நூறு போகும்னா அந்தச் சமாதானம் எடுபடாது.

ஆனா முதல் வழிக்கு அரசாங்கம் பண்ண வேண்டியது ஒரு அறிவிப்பு மட்டும்தான். ரெண்டாவது வழிக்கு ஆள் வேணும், கேமரா வேணும், வருஷம் முழுக்க விடாம பண்ணணும். எது சுலபம்னு நான் சொல்லத் தேவையில்லை.

தொகையோட இன்னொரு விளையாட்டையும் சொல்லணும். இஸ்ரேல்ல ஹைஃபா நகரத்துல குழந்தைகள் காப்பகங்கள். பெற்றோர் சாயங்காலம் லேட்டா வந்து குழந்தையைக் கூட்டிட்டுப் போறாங்க. யூரி நீஸி, ஆல்டோ ரஸ்டிசினின்னு ரெண்டு பொருளாதார ஆய்வாளர்கள் பத்துக் காப்பகங்களை எடுத்து, அதுல ஆறுல மட்டும் அபராதம் போட வெச்சாங்க. பத்து நிமிஷத்துக்கு மேல லேட் ஆனா பத்து ஷெக்கல். லேட்டா வர்றவங்க குறையல. ஏறக்குறைய ரெட்டிப்பானாங்க! முன்னாடி "டீச்சர் காத்திருப்பாங்களே"ங்கிற கூச்சம் இருந்தது. இப்ப அது கட்டணம் ஆயிடுச்சு, காசு கொடுத்தாச்சுல்ல. அபராதத்தை எடுத்ததுக்கு அப்புறமும் அந்தக் கூச்சம் திரும்பி வரல. 2000-ல வெளியான இந்த ஆய்வு ரொம்பப் பிரபலம்.

சிக்னல்ல போன்ல ஆயிரம் கட்டிட்டுப் போன என்னோட மனநிலை அதுதான். தப்புப் பண்ணிட்டோம்னு தோணல. பார்க்கிங் கட்டணம் கட்டின மாதிரி இருந்தது. அதே ஆயிரம் மாமாவுக்கு அபராதம், எனக்கு விலை.

ஃபின்லாந்து இதுக்கு ஒரு வழி பண்ணியிருக்கு, 1921-லயே. அங்க தண்டனையை ரூபாய்ல சொல்றது இல்ல, நாள்ல சொல்றாங்க. இந்தத் தப்புக்கு இத்தனை நாள்னு. ஒரு நாளோட மதிப்பு அவங்கவங்க வருமானத்தைப் பொறுத்தது. 2002-ல நோக்கியா நிறுவனத்தின் உயர் அதிகாரி ஒருத்தர் 50 கிலோமீட்டர் வரம்புல 75-ல பைக் ஓட்டினதுக்கு 1,16,000 யூரோ விதிச்சாங்க. மேல்முறையீட்டுல அது வெகுவா குறைஞ்சது, அது வேற விஷயம். நம்ம ஊர்ல வருமானக் கணக்கே பாதிப் பேருக்குக் கிடையாது, அப்படியே கொண்டு வர முடியாதுதான். ஆனா மாமாவோட கேள்வி ஒண்ணும் வினோதமான கேள்வி இல்லன்னு எனக்குப் புரிஞ்சது. ஒரு நாடு நூறு வருஷத்துக்கு முன்னாடியே அதைக் கேட்டிருக்கு.

ஆடித் தள்ளுபடி

இப்ப கேமரா வந்தாச்சு, இ-சலான் வந்தாச்சு. பெக்காரியா கேட்ட நிச்சயம் கையில கிடைச்சாச்சுன்னு தோணும். ஆனா மாட்டுறது மட்டும் நிச்சயம் ஆகி, கட்டுறது நிச்சயம் ஆகலைன்னா? சலான் போன்ல வரும், நாம ஸ்வைப் பண்ணித் தள்ளிடுவோம். பாக்கி மலையா குவியும். 2022-ல தெலங்கானாவுல பழைய சலான்களுக்குத் தள்ளுபடி கொடுத்தாங்க, டூவீலருக்கு 75 சதவீதம். 2023 பிப்ரவரியில கர்நாடகாவுல 50 சதவீதம். அபராதத்துக்கு ஆடித் தள்ளுபடி! ஒழுங்கா அன்னைக்கே கட்டினவன் முட்டாள் ஆயிட்டான். பத்து மடங்கு ஏத்தினதை நாமளே பாதிக்கு இறக்கினோம். 39 ஷில்லிங் திரும்ப வந்தது, இந்தத் தடவை ஆப் வழியா.

இன்னொண்ணும் இருக்கு. 2019 திருத்தத்துல 198ஏ-ன்னு ஒரு பிரிவு. சாலையைத் தரமில்லாம வடிவமைச்சு, இல்ல சரியா பராமரிக்காம, அதனால ஒருத்தர் இறந்தாலோ ஊனமானாலோ, அந்த ஒப்பந்ததாரருக்கோ அதிகாரிக்கோ ஒரு லட்சம் வரை அபராதம். நல்ல பிரிவு. விபத்துச் செய்தி எல்லாத்துலயும் ஹெல்மெட் போட்டிருந்தாரான்னு கேக்குறோம். ரோட்டோரம் ஜல்லியைக் கொட்டினது யாருன்னு யாரும் கேக்குறது இல்ல. எனக்கு இந்தப் பிரிவைப் படிச்சப்போ அந்த ராத்திரிதான் ஞாபகம் வந்தது.

மாமாகிட்ட இதை எல்லாம் ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்து சொன்னேன். 39 ஷில்லிங் கதையை ரசிச்சுக் கேட்டார். கடைசில சொன்னார்: "டேய், நூறோ ஆயிரமோ, எங்களைத் தினமும் பிடிங்க. கார்ல போறவனையும் அதே மாதிரி பிடிங்க. நான் பெல்ட் போட்டுக்கிறேன்."

பெக்காரியா ஒரு புத்தகத்துல சொன்னதை அவர் ரெண்டு வரியில சொல்லிட்டார். தொகை விலைவாசிக்கு ஏத்த மாதிரி இருக்கணும், சரி. ஆனா அதுக்கு மேல ஏத்துற ஒவ்வொரு ரூபாயும், பிடிக்காம விட்டதை மறைக்கப் போடுற பூச்சு.

நான் இப்ப ஹெல்மெட் போட்டுத்தான் ஓட்டுறேன். தெரு முனைக் கடைக்குப் போனாலும். நீங்களும் இந்த எபிசோடை வண்டியில கேட்டுட்டு இருந்தீங்கன்னா, முதல்ல ஓரங்கட்டுங்க, இயர்போனைக் கழட்டுங்க, ஹெல்மெட் எங்க இருக்குன்னு பாருங்க.

அடுத்த எபிசோடுல பார்ப்போம். பத்திரமா போங்க.